கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்குப் புள்ளி தெரியுதா?

65 அங்குல ஸ்மார்ட் போர்ட் ஒன்றின் திரை உயரம் 81 சென்ரிமீற்றர். எழுத்து வாசிக்க வேண்டிய ஆள் அந்த உயரத்தின் ஆறு மடங்குக்கு அப்பால் இருக்கக் கூடாது என்பது வகுப்பறைக்கும் கூட்ட மண்டபத்துக்கும் திரை பொருத்துகிறவர்களின் கணக்கு. ஆறு மடங்கு என்றால் 4.9 மீற்றர், அதாவது 16 அடி. எங்கள் பக்கத்தில் 20 அடிக்கு 25 அடி வகுப்பறை சாதாரணம். முன் சுவரில் திரை, பின் சுவரோடு கடைசி வாங்கு. அந்த வாங்கில் இருக்கிற பிள்ளையின் கண் திரையில் இருந்து 22 அடி தள்ளி நிற்கும். ரிப்பன் வெட்டுகிற அன்றைக்கே பின் வரிசைகள் கணக்குக்கு வெளியே போய்விட்டன.

திருகோணமலையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் திரை பற்றிப் பேச்சு வந்தால் பெற்றோர் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். கண் பழுதாகுமா? ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் காட்டுகிறீர்கள்? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் "ஒரு பாடவேளைதான், பயப்பிடாதேங்கோ" என்ற ஒரே வசனத்தில் இரண்டையும் மூடிவிடலாம். அப்படி மூட முடியாத கேள்விகள் மூன்று இருக்கின்றன: கடைசி வாங்கில் இருந்து எழுத்துத் தெரியுதா? அந்தப் பாடவேளை முடிய கொப்பியில் என்ன இருக்கு? பின்னேரம் வாட்ஸ்அப்பில் எவ்வளவு வீட்டுக்கு வருது? எனக்கு இந்த மூன்றும்தான் விசயம். மணித்தியாலக் கணக்கு அதற்குப் பிறகு.

முதலில் எழுத்து. திரையில் 20 வரி போட்டால் ஒரு வரிக்கு 4 சென்ரிமீற்றர் இடம். வரிக்கு மேலும் கீழும் இடைவெளி போக எழுத்துக்கு 2 சென்ரிமீற்றர் மிஞ்சும். ஆங்கில எழுத்தானால் கண் நன்றாக இருக்கிற பிள்ளை பின்னுக்கு இருந்தும் ஒருவாறு பிடித்துவிடும். தமிழில் அப்படியில்லை. 2 சென்ரிமீற்றர் எழுத்தில் மெய்யின் புள்ளி கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர். 22 அடி தள்ளி இருந்து 3 மில்லிமீற்றர் புள்ளியைக் காண்பது கண்பார்வையின் எல்லையில் நடக்கிற வேலை. "பல்" என்று இருப்பதை "பல" என்று எழுதும், "கேடு" என்பதைக் "கெடு" என்று எழுதும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகத் தெரியும். பிறகு கொப்பி திருத்துகிற ரீச்சர் "எழுத்துப் பிழை கூட" என்று சிவப்பில் போடுவார். பிள்ளைக்கு எழுத்துத் தெரியாமல் இல்லை, திரையில் புள்ளிதான் தெரியவில்லை.

இதற்குக் காசு செலவில்லாத மருந்து உண்டு. ஒரு திரைக்கு ஏழு, எட்டு வரிக்கு மேல் வேண்டாம். அப்போது எழுத்து இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, மெல்லிய கோட்டு எழுத்துரு கூடாது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு, நீலத்தில் பச்சை என்று அலங்கரித்தால் முன் வாங்குக்கு வடிவாக இருக்கும், பின் வாங்குக்கு ஒன்றும் இராது. 75 அங்குலத் திரை 18 அடி வரைக்கும் 86 அங்குலம் 21 அடி வரைக்கும் காணும். வாங்க முதல் அறையை நாடா பிடித்து அளக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே 65 வாங்கியாகிவிட்டதென்றால் திரைப் பாடத்துக்கு மட்டும் வாங்குகளை முன்னுக்கு இழுத்து அரை வட்டமாகப் போடலாம், அல்லது வாரத்துக்கு ஒருக்கா இருக்கை மாற்றலாம். பக்கவாட்டில் மிகச் சரிந்து பார்க்கிற பிள்ளைக்கும் எழுத்து நெருங்கித்தான் தெரியும். ஆகவே இரண்டு ஓர மூலைகளிலும் ஆள் இல்லாமல் பார்ப்பது நல்லது.

புரொஜெக்டர் என்றால் சிக்கல் இன்னும் கூட. பெட்டியில் 3,000 லூமன் என்று இருக்கும், அது வெளிச்சத்தின் அளவு. சுவரில் 2 மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் உயரத்துக்குப் படம் விரித்தால் 3 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 1,000 லூமன் விழும். அரைச் சுவர் வைத்த வகுப்பறையில், இரண்டு பக்கத்தாலும் வெயில் வெளிச்சம் வந்து அதே சுவரில் 500 லக்ஸ், அதாவது சதுர மீற்றருக்கு 500 லூமன், விழுகிறது என்று வையுங்கள். வெள்ளை இடத்தில் 1,500, கறுப்பு எழுத்தில் 500. மூன்றுக்கு ஒன்று. அச்சடித்த தாளில் இது பத்துக்கு ஒன்றுக்கு மேல். லாம்ப் பழசாகி வெளிச்சம் பாதியாக இறங்கினால் இரண்டுக்கு ஒன்று. இந்த நிலையில் பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தலையிடி என்று வீட்டுக்கு வந்து சொல்லும். தலையிடிக்குக் காரணம் "திரை" என்று நாங்கள் நினைப்போம். மங்கலான திரைதான் காரணம்.

யன்னலை மூடினால் சரியாகுமே என்பீர்கள். வைகாசியில் இருந்து ஆவணி வரைக்கும் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், தகரத்துக்குக் கீழே 40 பிள்ளைகளை வைத்து யன்னலை மூடிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பாடம் தானாக முடியும். செய்யக்கூடியது இதுதான்: முழு அறையையும் இருட்டாக்க வேண்டாம், திரைக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் ஆறு அடிக்குத் தடித்த கடும் நிறத் துணி போதும். முன் ரியூப் லைற்றுக்குத் தனி சுவிட்ச் போடச் சொல்லுங்கள். எல்லா லைற்றும் ஒரே சுவிட்சில் இருந்தால் முன்னுக்கு அணைக்கும்போது பின்னுக்குக் கொப்பியும் இருட்டாகும். யன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் திரை பொருத்தவே கூடாது. யன்னல் முழுதும் அதில் பளபளக்கும்.

சோதித்துப் பார்ப்பது சுகம். கூட்டத்துக்குப் போகும் நாளில் ஒரு ஐந்து நிமிடம் கேளுங்கள். கடைசி வாங்கில், உங்கள் தலை உயரத்தில் இல்லாமல் பிள்ளையின் தலை உயரத்துக்குக் குனிந்து இருங்கள். ரீச்சர் வழக்கமாகக் காட்டும் பாடத்தில் ஒரு பக்கத்தைப் போடச் சொல்லுங்கள். "மண், மண, தெரு, தேரு, கொடு, கோடு" என்று ஆறு சொல் அதே அளவில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. ஒரு கண்ணை மூடி வாசியுங்கள், பிறகு மற்றக் கண். சாலேசரம் வந்தவர்களுக்குத் தூரப்பார்வை நன்றாகவே இருக்கலாம், ஆகவே உங்களுக்குத் தெரிவதை மட்டும் நம்பாமல் ஒரு பிள்ளையையும் இருத்திப் பாருங்கள்.

இன்னொரு தொல்லை எங்கள் நாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளுக்கே உரியது: பாமினி. வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் ஆசிரியர் இரவிரவாக பவர்பொயின்ட் செய்து, பென்டிரைவில் கொண்டுவந்து ஸ்மார்ட் போர்ட்டில் போட்டால், தமிழ் ஒரு எழுத்தும் இராது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். பெரும்பாலான போர்ட்டுகள் அன்ட்ரொயிடில் ஓடுகின்றன, அவற்றில் பாமினி கிடையாது. பாமினியில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துக்களைத்தான், அதற்குத் தமிழ் முகமூடி போட்டது அந்த எழுத்துரு. முகமூடி இல்லாத இடத்தில் உள்ளது தெரிகிறது, அவ்வளவுதான். அதே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் போனிலும் அதே கதி. வழி இரண்டு. வீட்டுக் கணினியிலேயே பி.டி.எப். ஆக மாற்றிக் கொண்டுவருவது, இது இன்றைக்கே செய்யலாம். எந்தக் கருவியிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோட்டுக்கு மாறுவது, இது கொஞ்சம் பழக வேண்டும். பவர்பொயின்டில் "எழுத்துருவையும் சேர்த்துச் சேமி" என்ற தெரிவு வின்டோஸ் கணினியில் உதவும், அன்ட்ரொயிட் போர்ட்டில் அதை நம்ப முடியாது. ஒரு பாடவேளையில் இந்தச் சிக்கலுக்கே கால் மணித்தியாலம் போனால், திரை பிள்ளையின் நேரத்தைத் தின்றது என்று சொல்வதில் பிழையில்லை.

கொப்பி

இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடம். கரும்பலகையில் எழுதும் ஆசிரியரின் வேகத்தைச் சோக்கட்டி கட்டுப்படுத்தும். அவர் ஒரு வரி எழுத, பிள்ளை ஒரு வரி எழுதும். திரையில் ஒரு தட்டில் எட்டு வரி வந்து விழுகிறது. அடுத்த தட்டில் அது போய்விடுகிறது. பிள்ளை நாலாம் வரியில் நிற்கும்போது படம் மாறினால், மிச்சம் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியில் இருந்து பார்த்து எழுதப்படும், இல்லாவிட்டால் எழுதப்படாமலே போகும். "பிறகு குறூப்பில போடுறன்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் எழுதுகிற வேலையே நின்றுவிடும்.

பிள்ளையின் கொப்பியை வாரத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்கள். திரைப் பாடம் நடந்த திகதிகளில் அரை குறை வசனங்கள், தலைப்பு மட்டும் உள்ள பக்கங்கள், ஒட்டின போட்டோக்கொப்பி மட்டும் உள்ள பக்கங்கள் கூடுதலாக இருந்தால் அதை ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். கொப்பியைக் கையில் வைத்துக் கதைத்தால் வாக்குவாதம் வராது. "ரீச்சர், மகள் பின் வாங்கில இருந்து எழுதி முடிக்க முதல் படம் மாறிடுது எண்டு சொல்லுறா. ஒவ்வொண்டும் கொஞ்ச நேரம் கூட நிண்டால் நல்லம்" என்று சொன்னால் எந்த ரீச்சரும் கோபிக்கமாட்டார். தரம் 4, 5 பிள்ளைக்கு எட்டு வரி பார்த்தெழுத நாலு, ஐந்து நிமிடம் வேண்டும். திரையை நிறுத்தி வைக்க போர்ட்டில் "ஃப்ரீஸ்" பொத்தான் இருக்கும், அது பல இடங்களில் யாரும் தொடாத பொத்தான்.

கடதாசிக்கும் திரைக்கும் இடையில் வாசிப்பு விளக்கம் எப்படி மாறுகிறது என்று 54 ஆய்வுகளை ஒன்றாக எடுத்து, 1,70,000க்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து 2018இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. கதையை வாசிப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தகவல் நிறைந்த பாடத்தை, அதுவும் நேரக் கட்டுப்பாட்டுடன் வாசிக்கும்போது கடதாசி முந்தியது. எங்கள் பிள்ளைகள் எழுதுகிற எல்லாப் பரீட்சையும் இந்த இரண்டாம் வகைதான்: தகவல், நேரம், கடதாசி. புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் பேனையால் எழுதப்படும் வரைக்கும், ஒரு பாடத்தை முதலில் வாசிப்பதும் கடைசியாக மீட்டுவதும் அச்சில் இருக்க வேண்டும். நடுவில் வரும் விளக்கத்துக்குத் திரை நல்லது.

நல்லது என்றால் உண்மையிலேயே நல்லது. இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை, சந்திரன் பூமியைச் சுற்றுவதை, முக்கோணம் சுழலும்போது கோணம் மாறாததைச் சோக்கட்டியால் காட்ட முடியாது. ஓ.ஈ.சி.டி. என்ற பல நாட்டு அமைப்பு 15 வயது மாணவரிடம் நடத்திய 2022 பீசா ஆய்வில், பாடசாலையில் கற்பதற்காக நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் வரை டிஜிற்றல் கருவி பாவித்த மாணவர், பாவிக்கவே பாவிக்காதவரை விடக் கணிதத்தில் 14 புள்ளி கூட எடுத்தார்கள், குடும்ப வசதியின் வித்தியாசத்தைக் கழித்த பிறகும். அதே ஆய்வில் 65 வீதமானோர் சில கணித வகுப்புகளிலாவது கருவியால் கவனம் சிதறுகிறது என்றார்கள். இலங்கை அந்த ஆய்வில் இல்லை, அது வேறு நாட்டுப் பிள்ளைகளின் கணக்கு. ஆனாலும் இரண்டு எண்ணையும் சேர்த்து வாசிக்க வேண்டும், பெற்றோர் குழுக்களில் பகிரப்படுவதுபோல ஒன்றை மட்டும் வெட்டி எடுக்கக் கூடாது. "சுவீடன் திரையைத் தடை செய்துவிட்டது" என்ற செய்தியும் இப்படித்தான். அங்கே 2023இல் அச்சுப் புத்தகத்துக்கு அரசு காசு ஒதுக்கியது, பிறகு பாலர் கல்வியில் டிஜிற்றல் கருவி கட்டாயம் என்பதை எடுத்தது. வளர்ந்த பிள்ளைகளின் வகுப்பில் இருந்து கணினியை யாரும் தூக்கி எறியவில்லை.

கணினி அறையைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு கணினிக்கு மூன்று பிள்ளை என்றால் மவுஸ் எப்போதும் ஒரே கையில்தான் இருக்கும், மற்ற இருவரும் படம் பார்ப்பார்கள். எட்டு நிமிடத்துக்கு ஒருக்கா மணி அடித்து ஆள் மாற்ற வேண்டும். திரைகள் சுவரைப் பார்க்காமல் அறையின் நடுவைப் பார்க்க, மேசைகள் சுவரோரமாக இருந்தால் ஆசிரியர் நடுவில் நின்றே எல்லாத் திரையையும் காணலாம். கண்ணுக்கும் திரைக்கும் ஒரு கை நீளம், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே. தரம் 6 பிள்ளையின் கால் நிலத்தில் படாமல் ஆடினால் காலுக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள்.

திரையில் கேட்காமல் வருவது

பாடத்துக்காக யூடியூபில் ஒரு வீடியோ போடும்போது அதோடு விளம்பரம் வரும், முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடும். ஆசிரியர் தன் சொந்தக் கணக்கில் நுழைந்திருந்தால் அவர் வீட்டில் யார் என்ன பார்த்தார்கள் என்பதும் ஓரத்தில் வரிசையாக நிற்கும். போனில் இருந்து திரைக்கு அனுப்பினால் நடுவில் வாட்ஸ்அப் செய்தியின் முதல் வரி 40 பிள்ளைகளுக்கும் தெரியும். இதில் யாருடைய ஒழுக்கத்தையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்ய வேண்டியது நாலு: பாடசாலைக்கென்று தனிக் கணக்கு, "ஓட்டோபிளே" நிறுத்தம், பிள்ளைக்குப் பொருந்தாததை வடிகட்டும் "ரெஸ்ரிக்டட் மோட்" போடுதல், போனில் "தொந்தரவு செய்யாதே". கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் விளம்பரமில்லாமல் இருக்கின்றன, முதலில் அங்கே தேடலாம்.

அச்சில் வரும் இணைய முகவரியையும் நம்பி விட்டுவிட முடியாது. 2025 டிசம்பர் கடைசியில் 6ஆம் தர ஆங்கில மொடியூல் புத்தகத்தில் சிறுவருக்குப் பொருந்தாத தளம் ஒன்றின் முகவரி இருந்தது தெரியவந்து, 6ஆம் தரப் பாடத்திட்டச் சீர்திருத்தமே 2027க்குத் தள்ளிப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். வகுப்புக்கு முதல் நாள், அதே முகவரியை அதே கருவியில் ஆசிரியர் ஒருக்கா திறந்து பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை. முகவரிகள் காலம் போகக் கைமாறும். போன வருடம் பாடமாக இருந்தது இந்த வருடம் சூதாட்டமாக இருக்கலாம்.

பிள்ளைகளின் படங்களும் இதோடு சேர்த்தி. "எங்கள் ஸ்மார்ட் வகுப்பறை" என்று முகமும் பெயர்ப்பட்டியும் தெரிய முகநூலில் போடுவது வழக்கமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளையைப் பற்றிய தரவைச் சிறப்பு வகைக்குள் வைக்கிறது. பின்பக்கத்தில் இருந்து எடுத்த படம் போதுமே என்று அதிபரிடம் கேட்பதில் தப்பில்லை. பிள்ளைக்கு யாராவது இணையத்தில் தொல்லை கொடுத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைக்கலாம்.

பின்னேரம் வீட்டுக்கு வருகிற திரை

அரச பாடசாலைக்குள் மாணவர் போன் கொண்டுபோக முடியாது. ஆகவே வகுப்பறைத் திரை என்று நாங்கள் பயப்படுவதில் பெரும் பங்கு உண்மையில் வகுப்பறையில் இல்லை, பிற்பகல் ஒன்றரைக்குப் பிறகு வாட்ஸ்அப் வழியாக வீட்டுக்கு வருகிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது வேறு வழியில்லாமல் தொடங்கிய குறூப்புகள், பாடசாலை திறந்த பிறகும் மூடப்படவில்லை.

ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். சாதாரண போன் திரையின் அகலம் 7 சென்ரிமீற்றருக்கும் குறைவு. 12 புள்ளி (பொயின்ட்) எழுத்தளவில் அடித்த பயிற்சித்தாள் போன் திரையில் 4 புள்ளியாகச் சுருங்கும். மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளின் எழுத்தை விடச் சின்னது. பிள்ளை போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் என்ன செய்யும்? போனைக் கிடையாகத் திருப்பினால் அகலம் 15 சென்ரிமீற்றர், எழுத்து எட்டரைப் புள்ளி. இந்த ஒரு திருப்பமே பாதி வேலை. ஆசிரியர் ஏ4இல் 24 புள்ளியில் அடித்துத் தந்தால் நேராகப் பிடித்தும் வாசிக்கலாம். பலகையைப் படம் பிடித்து அனுப்புவதென்றால் வாட்ஸ்அப் படத்தை நசுக்கிவிடும், "டொக்கியூமென்ட்" என்று இணைத்து அனுப்பினால் எழுத்து உடையாது.

வீடியோ பாடமாக இருந்தால் 360பி தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 300 எம்.பி., 720பியில் ஒரு ஜி.பி.க்கு மேல். எழுத்து இல்லாத வீடியோவுக்கு 360 போதும். ரீவி இருக்கிற வீட்டில் போனை ரீவிக்கு அனுப்பி, பிள்ளையைக் கொப்பியோடு எட்டு அடி தள்ளி இருத்துங்கள். அம்மா வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு என்கிற வீடுகள் மூதூர், கிண்ணியாவில் மட்டுமில்லை, நகரத்துக்குள்ளும் நிறைய. அங்கே போனைப் பிள்ளையிடம் இருந்து வாங்கி வைக்கச் சொல்வது வாயால் சொல்ல லேசு. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் வகுப்பாசிரியரிடம் கேட்க வேண்டும்: வீட்டுவேலை பலகையில் எழுதப்பட்டுக் கொப்பியில் வர வேண்டும், குறூப் அறிவித்தலுக்கு மட்டும், அதுவும் இரவு ஏழு மணிக்குப் பிறகு இல்லை. போன் இல்லாத பிள்ளைக்கு வீட்டுவேலை தெரியாது என்ற நிலை அதோடு போய்விடும். கொமியூனிகேசன் கடையில் பக்கம் பக்கமாக பிறின்ட் எடுக்கும் செலவும் குறையும்.

இனிக் கண். 25 சென்ரிமீற்றரில் பிடித்த போனைப் பார்க்கக் கண்வில்லை 4 டயொப்ரர் வேலை செய்ய வேண்டும் (டயொப்ரர் என்பது வில்லை குவிக்கும் அளவு). 35 சென்ரிமீற்றரில் உள்ள புத்தகத்துக்கு 3க்குக் கிட்ட. நாலு மீற்றர் தள்ளி இருக்கும் ஸ்மார்ட் போர்ட்டுக்குக் கால் டயொப்ரர், அதாவது கண் கிட்டத்தட்ட ஓய்வாக இருக்கிறது. குறும்பார்வைக்குப் பயந்து ஸ்மார்ட் போர்ட்டை எதிர்த்துவிட்டு, பின்னேரம் டியூசன் வீடியோவுக்குப் போனைக் கையில் கொடுப்பது வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டுகிற கதை. கண் உலர்வது வேறு விசயம்: நிமிடத்துக்குப் பதினைந்து தடவை சிமிட்டுகிற கண், திரையைப் பார்க்கும்போது ஐந்து, ஏழுக்கு இறங்கும். இருபது நிமிடத்துக்கு ஒருக்கா தூரத்தைப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

குறும்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடப் பலமான சான்று உள்ள மருந்து வெளிவெளிச்சம். சீனாவின் குவாங்சோவில் தரம் 1 பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மேலதிகமாக 40 நிமிடம் வெளியில் விட்டார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளைகளில் 30.4 வீதமானோருக்குக் குறும்பார்வை வந்தது, வழக்கம்போல இருந்தவர்களில் 39.5 வீதமானோருக்கு. 2015இல் வெளிவந்த முடிவு இது. எங்கள் வெயிலில் 40 நிமிடமா என்று பயப்பிட வேண்டாம். வேப்பமர நிழலிலேயே வகுப்பறையை விடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது, அதுவே போதும். ஆகவே உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எடுத்துக்கொள்கிற வழக்கம்தான் ஸ்மார்ட் போர்ட்டை விடக் கண்ணுக்குக் கூடாதது என்பேன். அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் ஒரு பெற்றோரும் வாய் திறப்பதில்லை, கூடுதல் கணிதம் என்றால் எங்களுக்கும் சந்தோசம்தானே.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை பெரிய பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10க்குத்தான் வரும். தரம் 5இல் பார்வை குறையத் தொடங்கிய பிள்ளை தரம் 7 வரைக்கும் அகப்படாமல் போகலாம். கண்ணைச் சுருக்குவது, தலையைச் சரிப்பது, கொப்பியில் முகம் புதைப்பது, பக்கத்துக் கொப்பியைப் பார்த்தே எழுதுவது, இவற்றில் ஒன்று தெரிந்தால் முறை வரும் வரைக்கும் நிற்காமல் மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாகக் காசு. திரைக்கென்று சங்கம் பணம் சேர்க்கும்போது விலைமனுவில் திரையின் விலை மட்டும் இருந்தால் கையொப்பம் வைக்க வேண்டாம். சுவரில் பொருத்தும் செலவு, எர்த் கம்பி, யூ.பி.எஸ்., உத்தரவாதக் காலம், பழுதானால் கொழும்புக்கு யார் செலவில் போகும் என்பது, எல்லாம் எழுத்தில் வேண்டும். சின்ன யூ.பி.எஸ். பாடத்தை நடத்தாது, கரண்ட் போனால் ஒழுங்காக அணைக்கச் சில நிமிடம் தரும், அதன் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் மாற வேண்டும். புரொஜெக்டர் என்றால் மாதத்துக்கு ஒருக்கா தூசி வடிகட்டியைக் கழற்றித் துடைக்க வேண்டும், விசிறி நின்ற பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். கணக்கு விபரம் கேட்டுத் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். அதற்கு முதல் அதிபரிடம் ஒருக்கா வாயால் கேளுங்கள், பாதி இடங்களில் அதோடு கிடைத்துவிடும்.

உப்புவெளி, சல்லி, டச்பே என்று கடலை ஒட்டிய பாடசாலைகளில் உப்புக் காற்று கேபிள் முனைகளை அரிக்கும். படம் விட்டு விட்டு வருவதற்குப் பலமுறை காரணம் அதுதான். மூடி வைக்கப் பருத்தித் துணி நல்லது, பொலித்தீன் ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். மார்கழி விடுமுறை மழையில் வாரத்துக்கு ஒரு நாள் அரை மணித்தியாலம் போட்டு வைத்தால் உள் ஈரம் காயும். ஐப்பசி பின்னேர இடி மின்னலுக்குப் பிளக்கைக் கழற்றினால் மட்டும் காணாது, இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும். இதைச் செய்கிறவர் யார் என்று அலுவலகச் சுவரில் ஒரு பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.